முழுமை, நிறைவு, முற்று, எல்லாம்: எதை எங்கே எழுதுவது?

கேள்வி இதுதான்: ‘முழுமை’ என்ற சொல்லுக்குச் சரியான பொருள் என்ன? நிறைவு, பூரணம், முற்றும், எல்லாம், அனைத்தும் என்பவையும் அதே பொருளைத்தான் தருகின்றனவா? ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டுக்கொள்ளலாமா?

போட்டுக்கொள்ள முடியாது. அகராதியை மட்டும் பார்த்தால் முடியும் என்றுதான் தோன்றும். முழுமைக்கு நிறைவு என்றும், நிறைவுக்குப் பூர்த்தி என்றும், பூர்த்திக்கு மறுபடி முழுமை என்றும் அது நம்மைச் சுற்றவிடும். ஆனால் தமிழ் பேசுகிற யாரும் ‘மனநிறைவு’ என்பதற்கு ‘மனமுழுமை’ என்று சொல்வதில்லை. முழுத் தேங்காய் என்றால் உடைக்காத தேங்காய். முற்றிய தேங்காய் என்றால் இளசு அல்லாத தேங்காய். இந்த வேறுபாடு நாம் பேசும்போது தப்பாமல் வந்துவிடுகிறது. எழுத உட்கார்ந்தால்தான் எல்லாவற்றையும் ‘முழுமையாக’ என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம்.

தொல்காப்பியத்திலிருந்து தொடங்குகிறேன். சொல்லதிகாரத்தின் உரியியலில் இந்தச் சொல்லுக்கென்றே ஒரு நூற்பா இருக்கிறது: “முழுதென் கிளவி எஞ்சாப் பொருட்டே.” அவ்வளவுதான், ஒரே அடி. முழுது என்ற சொல் ‘எஞ்சாமை’ என்ற பொருளைத் தரும் என்கிறார் தொல்காப்பியர். எஞ்சுதல் என்றால் மிச்சப்படுதல். முழுது என்பது பெரியது என்றோ, எல்லாம் சேர்ந்தது என்றோ அவர் சொல்லவில்லை. மிச்சம் எதுவும் இல்லை என்று எதிர்மறையில் சொல்கிறார். அதே உரியியலில், துவன்று என்ற சொல்லுக்குப் பொருள் நிறைவு என்று சொல்லும் “துவன்று நிறைவாகும்” என்ற இன்னொரு நூற்பாவும் வருகிறது. அதாவது நிறைவு என்ற சொல்லும் அவர் கையில் இருந்தது. முழுதுக்குப் பொருள் சொல்ல அதை எடுக்காமல் எஞ்சாமையை எடுத்திருக்கிறார். இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

தமிழ் இலக்கணத்தின் பெரிய இணை ஒன்றும் இதே கோட்டில்தான் நிற்கிறது. ‘வந்தான்’ முற்று, ‘வந்து’, ‘வந்த’ இரண்டும் எச்சம். வினை முடிந்துவிட்டதா, இன்னும் ஏதாவது சொல்ல மிச்சம் இருக்கிறதா என்பதுதான் பிரிவுக்கு அடிப்படை. ஆக, தமிழில் முழுமையைக் குறிக்கும் எந்தச் சொல்லைப் பார்த்தாலும் ‘இங்கே எது மிச்சமில்லை?’ என்று கேளுங்கள். துண்டு மிச்சமில்லையென்றால் முழு. வெற்றிடம் மிச்சமில்லையென்றால் நிறை. நடக்க வேண்டியது மிச்சமில்லையென்றால் முற்று. எண்ணிக்கையில் ஒன்றுகூட விடுபடவில்லையென்றால் எல்லாம், அனைத்தும்.

முதலில் முழு. வெட்டாத, உடைக்காத, பிரிக்காத நிலை இது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறான் என்ற பழமொழியில், கீற்றுப் போடாத பூசணிக்காய் என்பதுதான் ‘முழு’வின் வேலை. முழு உளுந்து என்றால் உடைக்காத உளுந்து. முழுக்கைச் சட்டைக்கு எதிர் அரைக்கைச் சட்டை. முழு டிக்கெட்டுக்கு எதிர் அரை டிக்கெட். முழுநேர வேலைக்கு எதிர் பகுதிநேர வேலை. பள்ளியில் காலாண்டு, அரையாண்டு எழுதிய பிறகு முழுஆண்டுத் தேர்வு, பேச்சில் முழுப்பரீட்சை. கவனித்தால் இவை எல்லாவற்றிலும் ஒரு பகுதி, ஓர் அரை, ஒரு கால் எதிரே நிற்கிறது. பகுதியாகப் பிரிக்கக்கூடிய பொருளுக்குத்தான் முழு பொருந்தும். பசி, அன்பு, தாகம் போன்றவற்றுக்குத் துண்டு கிடையாது. ‘முழு அன்பு’ என்று எழுதினால் ஏதோ ஒட்டாமல் இருப்பதற்குக் காரணம் அதுதான். ‘நிறைந்த அன்பு’ என்றால் சரியாகிவிடும்.

பழைய இலக்கியத்தில் முழுவுக்குப் பருமை என்ற சாயலும் உண்டு. பதிற்றுப்பத்தில் பகைவரின் காவல்மரமான கடம்பு வெட்டப்படும் இடத்தில் “கடியுடை முழுமுதல்” என்று வருகிறது. அங்கே முழுமுதல் என்பது மரத்தின் பருத்த அடிப்பகுதி. இன்று முழுமுதல் என்ற தொடரைக் கடவுளுக்கு மட்டும் வைத்திருக்கிறோம். ‘முழுமுதற் பொருள்’ என்று படிக்கும்போது அந்த மரத்தடியும் நினைவுக்கு வந்தால் சொல்லின் கனம் கூடுகிறது.

இதிலிருந்து பிறந்தவை முழுது, முழுதும், முழுவதும், முழுக்க, முழுமை. பேச்சில் முழுசா. முழுதும் சரியா, முழுவதும் சரியா என்று அடிக்கடி கேட்கிறார்கள். இரண்டும் சரி. முழுது, முழுவது என்ற இரண்டு வடிவங்களோடும் உம் சேர்கிறது, அவ்வளவுதான். ஆனால் ‘முழுவதும்’, ‘முழுமையாக’ இரண்டும் ஒன்றல்ல. முழுவதும் என்பது பரப்பை, நீளத்தை, அளவைச் சொல்கிறது: இரவு முழுவதும், ஊர் முழுவதும், வழி முழுவதும். முழுமையாக என்பது ஒரு செயல் குறையில்லாமல் நடந்த விதத்தைச் சொல்கிறது: ‘காயம் முழுமையாக ஆறிவிட்டது.’ ‘காயம் முழுவதும் ஆறிவிட்டது’ என்றாலும் புரியும். ஆனால் அங்கே புண்ணின் பரப்பு கண்முன் வருகிறது. மேட்டூர் அணைக்கு ‘முழுக் கொள்ளளவு’ என்று செய்தியில் சொல்கிறார்கள். நீர்மட்டத்தில் 120 அடி, நீரின் அளவில் 93.47 டி.எம்.சி. அளவுகோல் உள்ள இடம் என்பதால் ‘முழு’ இங்கே கச்சிதமாக உட்காருகிறது. ‘அணை நிறைந்தது’ என்றாலும் தப்பில்லை. அது கரையில் நின்று தண்ணீரைப் பார்க்கிறவர் சொல்வது. ‘முழுக் கொள்ளளவை எட்டியது’ என்பது கணக்கை வைத்திருக்கும் பொறியாளர் சொல்வது.

முழுமை என்ற வடிவத்தில் ஒரு விஷயத்தை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். இதில் உள்ள ‘மை’ பண்பைக் காட்டும் விகுதி. ‘தன்மை’ என்று நாம் சேர்க்க நினைப்பதைத்தான் அந்த ‘மை’ ஏற்கெனவே சொல்லிவிடுகிறது. ஆகவே ‘முழுமைத்தன்மை’ என்று எழுதத் தேவையே இல்லை. மொழிபெயர்ப்புகளிலும் கட்டுரைகளிலும் இது பெருகிவருகிறது. முழுமை என்று நிறுத்துங்கள். அதுபோல ‘முழுமையான தடை’ என்பதைவிட ‘முழுத் தடை’, ‘முழுமையான விவரங்கள்’ என்பதைவிட ‘முழு விவரம்’. சின்னச் சொல்லே வேலையைச் செய்யும்போது பெரிய சொல் எதற்கு?

நிறைவு வேறு வகை. ஒரு கொள்கலன் இருக்கிறது, அதற்குள் இனி இடமில்லை. நிறைகுடம், நிறைமாதம், நிறைநாழி எல்லாம் அப்படி வந்தவை. மனமும் தமிழில் ஒரு கொள்கலன்தான். அதனால்தான் மனநிறைவு, வயிறு நிறையச் சாப்பிடு, கண்ணுக்கு நிறைவாக இருந்தது என்றெல்லாம் சொல்கிறோம். முழுமனதாக என்ற தொடரும் உண்டு. அங்கே பேச்சு வேறு. ‘முழுமனதாகச் சம்மதித்தார்’ என்றால் மனத்தில் ஒரு பாதி வேண்டாம் என்று சொல்லவில்லை, மனம் பிளவுபடவில்லை என்று பொருள். ‘மனநிறைவோடு சம்மதித்தார்’ என்றால் அந்தச் சம்மதத்தில் அவருக்கு மகிழ்ச்சி இருந்தது. முழுமனதாகச் செய்துவிட்டு மனநிறைவு இல்லாமல் இருக்கலாம். வீட்டை விற்பது போன்ற முடிவுகளை எடுத்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

நிறைவுக்கு வளர்ந்து வந்து சேரும் ஓர் அசைவும் இருக்கிறது. “நிறைநீர நீரவர் கேண்மை பிறைமதிப் பின்னீர பேதையார் நட்பு” என்று குறள் சொல்லும்போது, அறிவுடையார் நட்பு பிறை வளர்வது போல நிறைந்துகொண்டே போகும் தன்மையுடையது என்று பொருள். அங்கே ‘முழு’வைப் போட முடியாது. முழு ஒரு நிலை. நிறை ஒரு வினை. நிறையும், நிறைந்தது, நிறைக்கிறது என்று அதற்குக் காலம் உண்டு. முழுவுக்கு அப்படி வினை வடிவம் இல்லாததால்தான் ‘முழுமை அடைந்தது’, ‘முழுமையாக்கு’ என்று துணைக்கு இன்னொன்றைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. கலைச்சொல் உருவாக்கியவர்கள் சில இடங்களில் இரண்டில் எதை எடுப்பது என்று வெவ்வேறு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். 4, 9, 16 போன்ற எண்களைத் தமிழ்நாட்டுப் பாடநூல் முழு வர்க்கம் என்கிறது, இலங்கையில் நிறைவர்க்கம். இரண்டுமே நல்ல தமிழ்.

முற்று என்பது பயணம் முடிந்த நிலை. வெண்டைக்காய் முற்றினால் நார் நாராகிவிடும். நோய் முற்றினால் மருந்து கேட்காது. வாக்குவாதம் முற்றினால் கைகலப்பு. முதிர்ச்சி, முடிவு இரண்டையும் இந்தச் சொல் சுமக்கிறது. நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். ‘முற்றும்’ என்று தொடர்கதையின் கடைசியில் போடுகிறோம். இனிச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. முற்றுப்புள்ளியும் அதே வேலை. சூழ்தல், வளைத்தல் என்ற பொருளும் இதற்கு உண்டு. முற்றுகை அதிலிருந்து வந்தது. எந்தப் பக்கமும் வழி மிச்சமில்லாமல் சூழ்வது. ‘முற்றிலும் தவறு’ என்று எழுதும்போது, எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தவறு என்ற அழுத்தம் கிடைக்கிறது. ‘முழுவதும் தவறு’ என்றால் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை தவறு. விடைத்தாள் திருத்தும் ஆசிரியருக்கு இரண்டும் இரண்டு வெவ்வேறு குறிப்புகள்.

இனி எல்லாம், அனைத்தும். உண்மையில் இங்கேதான் விஷயம் செழிப்பாக இருக்கிறது.

எல்லாம் என்ற சொல் நிற்கும் இடத்தைப் பொறுத்துப் பொருள் மாறும். ‘எல்லா வீட்டிலும் தேடினேன்’ என்றால் வீடுகள் பல. ‘வீடெல்லாம் தேடினேன்’ என்றால் பெரும்பாலும் ஒரே வீட்டின் மூலைமுடுக்கு. உடம்பெல்லாம் வலி என்பதை எல்லா உடம்பும் வலி என்று மாற்றிப் பாருங்கள், புரியும். ஆனால் பெயருக்குப் பின்னால் வந்தால் எப்போதும் ‘முழுவதும்’ என்ற பொருள்தான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். “அகர முதல எழுத்தெல்லாம்” என்பதில் எழுத்துகள் பல. தமிழில் அஃறிணைப் பெயருக்குக் ‘கள்’ கட்டாயமில்லை என்பதால் ஒன்றா பலவா என்று இடம் பார்த்துத்தான் அறிய வேண்டும். பெரியபுராணம் “உலகெலாம்” என்ற சொல்லில் தொடங்கி அதே சொல்லில் முடிகிறது. அதை உலகம் முழுவதும் என்றும் கொள்ளலாம், உலகங்கள் எல்லாம் என்றும் கொள்ளலாம். ‘உலகம் முழுவதும்’ என்று எழுதியிருந்தால் இந்த இரண்டாவது பொருளுக்கு இடமே இருந்திருக்காது.

அனைத்து என்ற சொல்லுக்கு முதலில் எல்லாம் என்ற பொருள் இல்லை. ‘அவ்வளவு’ என்பதுதான் அதன் பழைய பொருள். “எனைத்தானும் நல்லவை கேட்க அனைத்தானும் ஆன்ற பெருமை தரும்”: எவ்வளவு சிறிதாயினும் நல்லவற்றைக் கேட்க, அந்த அளவுக்குப் பெருமை வரும். எனைத்து, அனைத்து, இனைத்து என்பவை எவ்வளவு, அவ்வளவு, இவ்வளவு. “மனத்துக்கண் மாசிலன் ஆதல் அனைத்தறன்” என்ற குறளுக்குப் பரிமேலழகர் கொள்ளும் பொருளும் அறம் என்பது அவ்வளவே என்பதுதான். இன்றைய பொருளை மனத்தில் வைத்து ‘எல்லா அறமும்’ என்று படித்துவிட்டால், ‘இவ்வளவுதான் அறம், மற்றதெல்லாம் ஆரவாரம்’ என்று வள்ளுவர் அறுத்துச் சொல்லும் வேகம் போய்விடும். ‘அவ்வளவு’ என்ற சொல்லோடு உம் சேர்ந்து ‘அவ்வளவும்’ என்றால் எல்லாம் என்று ஆகிறது அல்லவா? ‘வைத்த சோறு அவ்வளவையும் சாப்பிட்டுவிட்டான்’ என்கிறோம். அனைத்தும் அப்படித்தான் ‘எல்லாம்’ ஆனது.

அதனால் அனைத்தோடு உம்மை விடாதீர்கள். ‘அனைத்து மாணவர்கள் வந்தனர்’ என்பது அரைகுறை. ‘அனைத்து மாணவர்களும் வந்தனர்’ என்பதே சரி. ஆட்களைச் சொல்லும்போது ‘மாணவர்கள் அனைவரும்’ என்பது இன்னும் நல்லது, ஏனென்றால் அனைத்து அஃறிணை வடிவம், அனைவர் உயர்திணை வடிவம். எல்லாம் இரண்டு திணைக்கும் பொது. ஆனால் வேற்றுமை உருபு சேரும்போது அதுவும் பிரிந்துவிடும். பொருட்களுக்கு எல்லாவற்றையும், ஆட்களுக்கு எல்லாரையும். எல்லாரும், எல்லோரும் இரண்டில் பழையது எல்லாரும். “எல்லார்க்கும் நன்றாம் பணிதல்” என்பது குறள். எல்லோரும் இன்று எங்கும் வழங்குகிறது, அதைப் பிழை என்று அடிக்க நான் தயாரில்லை.

இந்த ‘உம்’ தான் தமிழில் முழுமையைக் காட்டும் மிகச் சிறிய கருவி. முற்றும்மை என்று பெயர். இத்தனை என்று எண்ணிக்கை தெரிந்த பொருள் ஒன்று சேர்ந்து ஒரு வினை கொள்ளும்போது உம் வேண்டும் என்று தொல்காப்பியம் விதிக்கிறது: “இனைத்தென அறிந்த சினைமுதற் கிளவிக்கு வினைப்படு தொகுதியின் உம்மை வேண்டும்.” திருமுருகாற்றுப்படையில் “பன்னிரு கையும் பாற்பட இயற்றி” என்று வருவது இதனால்தான். நாமும் ‘கண் இரண்டும் எரிகிறது’ என்கிறோம். ‘கண் இரண்டு எரிகிறது’ என்றால், மற்றக் கண்கள் என்ன ஆயின என்று கேட்கத் தோன்றும்! எல்லாம், முழுவதும் என்ற சொற்கள் எதுவும் இல்லாமலேயே ஓர் உம் முழுமையைத் தந்துவிடுகிறது.

ஆனால் இதே முற்றும்மை எதிர்மறையோடு சேர்ந்தால் கதை மாறும். அதையும் தொல்காப்பியர் பார்த்திருக்கிறார். முற்றும்மை சில இடத்தில் எச்சப்பொருளும் தரும் என்கிறார். உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு “பத்தும் கொடால்”. பத்தையும் கொடுக்காதே என்றால் என்ன பொருள்? ஒன்றுகூடக் கொடுக்காதே என்பதா? பத்தையும் கொடுத்துவிடாதே, சிலவற்றைக் கொடுத்துச் சிலவற்றை வைத்துக்கொள் என்பதும் ஆகும். மிச்சமில்லை என்று சொல்ல வந்த உம், எதிர்மறையைக் கண்டதும் மிச்சத்தைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. “எல்லா விளக்கும் விளக்கல்ல” என்ற குறளை இப்படித்தான் படிக்கிறோம். உலகத்தில் விளக்கே இல்லை என்று அதற்குப் பொருள் கொள்வதில்லை. அடுத்த அடியிலேயே பொய்யா விளக்கு ஒன்று மிஞ்சி நிற்கிறது.

இது பழைய இலக்கணப் பேச்சு மட்டும் அல்ல. ‘எல்லா மருந்தும் சாப்பிடக் கூடாது’ என்று ஒரு குறிப்பு எழுதினால், ஒருவர் எதையுமே சாப்பிடக் கூடாது என்று எடுத்துக்கொள்வார், இன்னொருவர் சிலவற்றைச் சாப்பிடலாம் என்று எடுத்துக்கொள்வார். ‘எல்லாரும் வரவில்லை’ என்பதும் அப்படியே. ஒன்றுமே இல்லை என்று சொல்ல வேண்டுமானால் எந்த, யாரும், எதுவும், ஒன்றும் என்பவற்றை எடுங்கள்: எந்த மருந்தும் சாப்பிடக் கூடாது, யாரும் வரவில்லை. சில உண்டு சில இல்லை என்றால் ‘சிலர் வரவில்லை’ என்று நேராகச் சொல்லிவிடுங்கள். எதிர்மறை வாக்கியத்தில் எல்லாம், அனைத்தும் வந்தால் ஒருமுறை நிறுத்தித் திரும்பப் படித்துப் பார்ப்பது நல்லது, குறிப்பாக விதிமுறைகள், மருத்துவக் குறிப்புகள், ஒப்பந்தங்கள் எழுதுகிறவர்கள்.

பேச்சில் எல்லாம் இன்னொரு வேலையும் செய்கிறது. ‘நான் காபியெல்லாம் குடிக்க மாட்டேன்’ என்றால் அங்கே எண்ணிக்கை எதுவும் இல்லை. காபியும் அது போன்றவையும் என்று ஓர் இனத்தைச் சுட்டுகிறது. ‘நீயெல்லாம் பேசக் கூடாது’ என்பதில் அந்த இனத்தோடு சேர்த்து ஒதுக்கும் தொனி. இதை எழுத்தில் உரையாடலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

வடமொழியிலிருந்து வந்தவற்றில் பூரணம் முதலில். சமஸ்கிருதத்தில் நிறைந்தது என்பதற்கும் நிரப்புவது என்பதற்கும் இரண்டு தனிச் சொற்கள், பூர்ணம், பூரணம். தமிழில் இரண்டும் ஒரே வடிவத்தில் வந்துவிட்டன. பூரண குணம் முதல் வகை; கொழுக்கட்டைக்குள் வைக்கும் பூரணம் இரண்டாவது வகை. இரண்டிலும் நிறைதல்தான் அடிப்படை என்பதால் பூரணத்துக்கு நெருக்கமான தமிழ் முழுமை அல்ல, நிறைவு. உபநிடதத்தின் சாந்தி மந்திரம் ஒன்று பூரணத்திலிருந்து பூரணத்தை எடுத்த பின்னும் பூரணமே எஞ்சுகிறது என்கிறது. எஞ்சாமைதான் முழுது என்ற நூற்பாவையும் இதையும் அருகருகே வைத்துப் படித்துப் பாருங்கள். அகிலம், அசேஷம் என்ற சொற்களோ தொல்காப்பியர் பக்கம் வருகின்றன. கிலம் என்றால் இடைவெளி, உழாமல் விட்ட நிலம். அகிலம் அப்படி விடுபட்ட இடம் இல்லாதது. சேஷம் என்றால் மீதி, அசேஷம் மீதியற்றது. ‘அகில இந்திய’ என்பது ‘அனைத்திந்திய’ ஆனபோது பொருளில் எதுவும் இழக்கவில்லை. சகலம், சர்வம், சமஸ்தம் பற்றித் தனியாகச் சொல்ல அதிகம் இல்லை. எல்லாம் என்றே எழுதலாம். மொத்தம் என்பது கூட்டிவந்த தொகை, கணக்குக்கு மட்டும்.

கடைசியாக, எழுதும்போது அதிகம் தவறும் ஒற்று. முழு என்பது தனிக்குறிலை அடுத்து வரும் முற்றியலுகரம். திரு, பொது, நடு போல இதன் பின்னும் வல்லினம் மிகும். முழுக்கதை, முழுச்செலவு, முழுத்தொகை, முழுப்பெயர். எல்லா, அனைத்து இரண்டின் பின்னும் அப்படியே: எல்லாப் பொருளும், அனைத்துப் பள்ளிகளும். முழுவதும், முற்றிலும் என்று மகரத்தில் முடிபவற்றின் பின் இன்றைய எழுத்தில் எதுவும் மிகாது: முழுவதும் படித்தேன், முற்றிலும் தவறு. முழுமையாக, முழுக்க என்பவற்றின் பின் மிகும்: முழுமையாகப் படித்தேன், முழுக்கத் தேடினேன்.